கண்ணால் கண்டதை எழுதிக் கொடுங்கள்

"நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்." மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பிள்ளை ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான். சொல்கிறவர்கள் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பவர்கள் அல்லர். கையில் ஆயிரம் வேலை இருக்கும். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சம் இருக்கும். பிள்ளை தனக்கு வேண்டியபடி எழுதிக்கொள்ளட்டுமே என்ற நல்ல எண்ணமும் இருக்கும். யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்கிறவர்களுக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. அங்கே மதிப்பெண்ணும் புறப்பாடப் புள்ளியும்தான் பேசும். ஆனால் 2024ஆம் ஆண்டு என் அக்காள் மகள் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பதில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அன்றிலிருந்து அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யோசிக்க யோசிக்க, நம் ஊர்ப் பிள்ளைகள் தூரதேசம் போக முடியாமல் நிற்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களைவிட இந்த ஒரு பழக்கம் பெரிய காரணம் என்றே தோன்றுகிறது.

நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல காலமாக வேலை செய்கிறேன். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள், பதியாமல் விட்ட கல்யாணங்கள், வாரிசு யார் என்ற தகராறுகள் என்று எங்கள் மேசைக்கு வருகிற கோப்புகளில் பாதிக்கு மேல் யாராவது ஒருவரின் சத்தியப் பிரமாணம் இருக்கும். சாட்சி சொல்ல வருகிறவர்கள் உட்கார்ந்ததும், "நல்ல குடும்பம்மா, எனக்கு நன்றாகத் தெரியும்" என்பார்கள். அதை எழுதி ஒரு பயனும் இல்லை. "பிள்ளை பிறந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? யார் வந்து உங்களைக் கூப்பிட்டார்கள்? மருத்துவச்சி யார்? அப்போது பிரட்டு, அதாவது காலையில் பேர் கூப்பிடுவது, முடிந்துவிட்டதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் கண்ணால் கண்டது வெளியே வரும். தேசியப் பதிவு இலாகாவில் அந்தத் தாளைப் படிக்கிற அதிகாரி, இவர் அங்கே இருந்தவர்தான் என்று நம்புவது அந்த விவரங்களை வைத்துத்தான். என் அக்காள் மகளின் விண்ணப்பத்தில் ஆசிரியர் கடிதம் பற்றிய பகுதியைப் படித்தபோது, இதுவும் அதே வேலைதான் என்று எனக்கு உடனே பட்டது.

முதலில் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அம்மா, அதாவது என் பெரியம்மா மகள், உதிரிப் பழம் பொறுக்குகிறார். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளிக்குப் போய், ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வில் எட்டு ஏ எடுத்தவள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசாங்க மெட்ரிகுலேஷன் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. பூமிபுத்திரர் அல்லாதவர்களுக்கு ஒதுக்கிய நூற்றுக்குப் பத்து இடத்துக்குள் நாம் எல்லாரும் முண்டியடிக்கிற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள். அங்கே கணிதத்தில் அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடம் வந்தபோது, புத்தகத்தில் இருப்பது போதாமல் கைப்பேசியில் தேடி, எம்.ஐ.டி. இலவசமாக வெளியிட்டிருக்கிற விரிவுரைகளைக் கண்டுபிடித்தாள். தன் பாடங்களை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிடுவதாக அந்தப் பல்கலைக்கழகம் 2001இல் அறிவித்தது. அதில் கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற பேராசிரியரின் நேரியல் இயற்கணித வகுப்பு உலகமெங்கும் பிள்ளைகள் பார்ப்பது. வெள்ளை முடிக்காரர் ஒருவர் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொண்டே, ஏதோ இப்போதுதான் தனக்கே புரிந்தது போன்ற மகிழ்ச்சியோடு பேசுவார். லயத்து வீட்டின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின், முன்வாசலில் உட்கார்ந்து அதை இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆங்கிலம் பாதி புரியும், பலகையில் இருப்பது முழுவதும் புரியும். "சித்தி, அங்கே போய்ப் படிக்க முடியுமா?" என்று கேட்டது அப்படித்தான்.

படிவம் கேட்பது என்ன

அவள் அப்பா முதலில் கேட்டது பணத்தைப் பற்றி. நியாயமான கேள்வி. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 ரிங்கிட். அங்கே ஓராண்டுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 80 ஆயிரம் டாலருக்கு மேல். "நம்மால் முடியாது என்று எழுதினால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், இல்லையா?" என்றார். பல இடங்களில் அது உண்மை. வெளிநாட்டு மாணவர் உதவிப்பணம் கேட்டால் அதையும் கணக்கில் வைத்தே முடிவு செய்கிற பல்கலைக்கழகங்கள்தான் அமெரிக்காவில் அதிகம். ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடோயின் போன்ற சில இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளையானாலும் பணம் கேட்டாளா இல்லையா என்று பார்க்காமலேயே சேர்க்கையை முடிவு செய்கிறார்கள். சேர்த்துக்கொண்டால், குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் அவர்களே ஏற்கிறார்கள். இந்த ஒரு தகவல் நம் தோட்டங்களில் எத்தனை வீட்டுக்குத் தெரியும்? கோலாலம்பூரில் அனைத்துலகப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இது பதினான்கு வயதிலேயே தெரிந்திருக்கிறது. மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம், மேசி என்று சொல்வார்கள், கோலாலம்பூரில் இருக்கிறது. அங்கே இதையெல்லாம் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். அதையும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது பயன்படும்.

பணத்துக்கான படிவம் தனி. சொந்த வீடு உண்டா, அதன் சந்தை மதிப்பு என்ன, முதலீடுகள் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகக் கேட்கும். தோட்டத்து வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும். அதை ஒரு கட்டத்துக்குள் எழுத வழியில்லாமல் கடைசியில் இருக்கும் விளக்கக் குறிப்பில் எழுதினோம். மாமாவின், அதாவது அவள் அப்பாவின், சம்பளச் சீட்டுகளை மொழிபெயர்த்தோம். அமெரிக்கச் சேர்க்கைக்குக் கேட்கும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கு ரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெரி ஏறிப் பினாங்கு போய் எழுதினாள். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம், கேட்டோம், கொடுத்தார்கள். தேர்வுக் கட்டணத்துக்கு நம் போன்றவர்களுக்கு விலக்கு இல்லை. நூறு டாலருக்கு மேல் ஆனதை அவள் தாய்மாமன் கொடுத்தார். இவையெல்லாம் அலைச்சல் வேலைகள்தான், ஆனால் செய்து முடிக்கக்கூடியவை. ஆள் ஒருவர் கூட இருந்தால் போதும்.

கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை. 650 சொற்களுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். தலைநகரில் காசு வாங்கி ஆலோசனை சொல்கிற ஒருவரிடம் தெரிந்தவர் மூலம் பேசினோம். "தோட்டம், வறுமை, கரண்ட் இல்லாத வீடு என்று எழுதட்டும், அதுதான் எடுபடும்" என்றார். அவள் வீட்டில் கரண்ட் இருக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. மூன்று தலைமுறை உழைத்து நிமிர்ந்த குடும்பத்தை, எங்கோ இருக்கிற ஒருவர் பரிதாபப்பட வேண்டும் என்பதற்காக மறுபடியும் குனிய வைக்கச் சொல்கிறார். அவள் அதைக் கேட்கவும் இல்லை. உதிரிப் பழத்தைச் சாக்கில் நிரப்பும்போது எடையை எப்படி அம்மா கையாலேயே கணிக்கிறாள், தான் அதைச் சரிபார்க்க முயன்று எப்படித் தோற்றாள் என்று எழுதினாள். நல்ல கட்டுரை. அவளுடைய கட்டுரை. நடவடிக்கைப் பட்டியலில் குடும்பப் பொறுப்பு என்று ஒரு வகையே இருக்கிறது. பாட்டியைப் பார்த்துக்கொள்வதை அங்கே 150 எழுத்துக்குள் எழுதினாள்.

எஞ்சியது ஆசிரியர்களின் கடிதம். இரண்டு ஆசிரியர்களும் பள்ளி ஆலோசகரும் எழுத வேண்டும். ஆசிரியர் படிவத்தில் கடிதம் தவிர ஓர் அட்டவணையும் உண்டு. அறிவாற்றல், எழுத்துத் திறன், பிறர்மீது அக்கறை என்று ஒவ்வொன்றுக்கும் சராசரிக்குக் கீழே என்பதில் தொடங்கி, என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகச் சிலரில் ஒருவர் என்பது வரை கட்டங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் குறி போட்டுவிட்டு, கடிதத்தில் "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று நான்கு வரி எழுதினால் படிக்கிறவர் எதை நம்புவார்? அதோடு, ஆசிரியர் எழுதியதைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று மாணவர் ஒப்புதல் தரும் இடமும் அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. மாணவர் பார்க்காமல் எழுதிய கடிதம் என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. அப்படிப்பட்ட கடிதத்தை நீயே எழுதிக்கொண்டு வா என்றால், குற்றம் சாட்டப்பட்டவரிடமே சாட்சியின் வாக்குமூலத்தை எழுதச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

ஆனாலும் அவள் எழுத உட்கார்ந்தாள், பெரியவர்கள் சொன்னதைத் தட்டக்கூடாதே என்று. நான் போய்ப் பார்த்தபோது ஒரு தாளில் ஐந்து வரி இருந்தது. பள்ளிக்கு நேரத்தோடு வருவார். பெரியவர்களிடம் பணிவாக நடப்பார். கொடுத்த வேலையை முடிப்பார். கணிதச் சங்கத்தின் செயலாளர். எந்த ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளானதில்லை. ஒரு பொய் இல்லை அதில். ஆனால் அந்தத் தாளில் அவளும் இல்லை. தன்னைப் பற்றி நான்கு பேர் முன்னால் பேசுவது தப்பு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை வேறு எப்படி எழுதும்? நல்ல குணம் என்று நாம் ஊட்டிய அதே அடக்கம் அந்த இடத்தில் அவளை மறைத்துவிட்டது. அந்தத் தாளை வாங்கி மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். "இதை நீ எழுத வேண்டாம், நான் டீச்சரிடம் பேசுகிறேன்" என்றேன்.

சிவப்பு அட்டை

எனக்கு அன்று அவ்வளவு வேகம் வந்ததற்கு எங்கள் பாட்டியும் காரணம். பாட்டி பேராக்கில்தான் பிறந்தார், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பிறப்பைப் பதியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை கேட்டுப் போனபோது, இங்கேதான் பிறந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஆதாரம் என்றால் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், எழுதித் தர வேண்டும். பாட்டியின் அம்மாவைப் பேர் பதிந்த கிராணி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், "எனக்குத் தெரியாததை நான் எப்படி எழுத?" என்றாராம். லயம் முழுக்க பாட்டி பிறந்ததைப் பார்த்த கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்கள் சொன்னதை எழுதிக்கொள்ள ஆளும் இல்லை. பாட்டிக்குக் கிடைத்தது, குடியுரிமை இல்லாமல் இங்கே வசிப்பவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை.

1969ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் பினாங்கிலிருந்து ரஜுலா கப்பலேறி, பார்த்தேயிராத தமிழ்நாட்டுக்குப் போனார்கள். பாட்டியின் தங்கை குடும்பம் அதில் போனது. பாட்டி பெர்மிட்டோடு பால்மரம் வெட்டிக்கொண்டு இங்கேயே இருந்தார். கடைசிவரை சிவப்பு அட்டைதான். நான் எங்கள் அலுவலகத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரு பிள்ளைக்காகச் சாட்சியைக் கேள்வி கேட்கும்போதெல்லாம் அந்த லயத்துக் கிழவிகளை நினைக்காமல் இருந்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள். எழுதத்தான் யாரும் இல்லை. அதற்காக ஒரு மனுஷி எழுபது வயதுவரை பிறந்த மண்ணில் அந்நியராக இருந்தார்.

என் அக்காள் மகளின் விஷயம் அவ்வளவு பெரியதில்லை என்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் படிக்காவிட்டால் யாரும் நாடில்லாதவர் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் நடப்பது ஒன்றுதான்: நம் பிள்ளையை அருகிலிருந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்தது அவரோடே போய்விடுகிறது. நல்ல பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு அப்படிப் போவதில்லை. அங்கே ஆலோசகருக்கு இந்தக் கடிதம் எழுதுவதே வேலை; ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பேசி எழுதுகிறார்கள். எங்கள் பள்ளி ஆலோசகருக்குப் பல நூறு பிள்ளைகள். சண்டை போட்டவர்களையும் வகுப்புக்கு மட்டம் போட்டவர்களையும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வம்புக்கும் போகாத பெண்ணை அவர் எப்படி அறிவார்?

சிற்றுண்டிச் சாலையில்

கணித ஆசிரியை மலாய்க்காரர், ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருக்கிறவர். பள்ளி விட்ட பிறகு சிற்றுண்டிச் சாலையில் சந்திக்கச் சம்மதித்தார். நான் தனியாகத்தான் போனேன். முதலில் அவர் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசினார். ஆங்கிலத்தில் நீளமாக எழுத வராது, தப்பாக எழுதி அவள் வாய்ப்பைக் கெடுத்துவிடக்கூடாது, அதனால்தான் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன் என்றார். அவர் மீது எனக்கு இருந்த வருத்தம் அங்கேயே போய்விட்டது. மலாயில் எழுதலாம், பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டால் இரண்டையும் சேர்த்து அனுப்பலாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் எதை எழுதுவது என்ற தயக்கம் முகத்தில் இருந்தது. "நல்ல பிள்ளை, ரொம்பக் கெட்டிக்காரி" என்றார். "டீச்சர், அதை எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் கண்ணால் கண்டது எது? உங்களைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்" என்றேன். அலுவலகத்தில் கேட்கிற அதே கேள்விதான்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். சிற்றுண்டிச் சாலைக்காரர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு ஆசிரியை தன் கைப்பையைத் திறந்து, பாடக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அதன் பின்னட்டைக்குள்ளிருந்து ஒரு துண்டுத் தாளை உருவினார். கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்த, கட்டம் போட்ட தாள். அதில் பென்சிலால் மூன்று வரி. கீழே மலாயில், "நான் கேள்வியைத் தவறாகப் படித்திருக்கலாம், மன்னிக்கவும் டீச்சர்" என்று சின்ன எழுத்தில்.

கதை இதுதான். மூன்று தெரியாத எண்கள், மூன்று சமன்பாடுகள். முதலாவதில் முதல் எண்ணை மட்டும் 'க' மடங்கு எடுத்து மற்ற இரண்டோடு கூட்டினால் ஒன்று. இரண்டாவதில் இரண்டாவது எண்ணுக்கு அதே 'க'. மூன்றாவதில் மூன்றாவதற்கு. 'க' எந்த மதிப்பாக இருந்தால் எண்ணற்ற தீர்வுகள் வரும் என்பது கேள்வி. பயிற்சி நூலின் விடைப் பக்கத்தில், ஒன்று அல்லது மைனஸ் இரண்டு என்று இருந்தது. அந்த இரண்டு மதிப்புக்கும் அணிக்கோவை பூஜ்யமாகிவிடும், அதாவது ஒரே ஒரு தீர்வு என்பது இராது, என்பது உண்மை. ஆசிரியையும் அதையே கரும்பலகையில் எழுதினார். வகுப்பே எழுதிக்கொண்டது. இவளும் எழுதிக்கொண்டாள். மறுநாள் ஆசிரியையின் மேசையில் அந்தத் துண்டுத் தாள் இருந்தது. 'க' மைனஸ் இரண்டு என்று வைத்து மூன்று சமன்பாடுகளையும் கூட்டியிருந்தாள். இடப்பக்கம் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம். வலப்பக்கம் மூன்று. பூஜ்யம் எப்படி மூன்றாகும்? ஆகவே அங்கே எண்ணற்ற தீர்வுகள் என்ன, ஒரு தீர்வுகூடக் கிடையாது.

"பல ஆண்டுகளாக அந்த விடையைத்தான் எழுதிப் போட்டிருக்கிறேன். எத்தனை வகுப்புகள். ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் கூட்டிப் பார்த்ததில்லை" என்றார் ஆசிரியை. அடுத்த வகுப்பில் திருத்திச் சொன்னாராம். யார் கண்டுபிடித்தது என்று சொல்ல வேண்டாம் என்று இவள் முன்கூட்டியே வந்து கேட்டுக்கொண்டாளாம். அதனால் பெயரைச் சொல்லவில்லை. தாளை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இது எங்கள் யாருக்கும் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தெரியாது. அவளோடு படிக்கிறவர்களுக்கும் தெரியாது.

"டீச்சர், இப்போது என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுங்கள். நீங்கள் தவறாகச் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்து எழுதுங்கள்" என்றேன். அதைக் கேட்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு மூத்த ஆசிரியை, தன் பெயர் போட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அப்படி எழுத வேண்டும். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதை விட்டுவிட்டால் அவள் செய்தது என்னவென்றே தெரியாதே" என்றார். எனக்கு அவர்மேல் இன்றுவரை இருக்கிற மரியாதை அந்த ஒரு பதிலால் வந்தது.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. மூன்று சமன்பாடுகளும் அதில் இருந்தன. துண்டுத் தாளும் அதில் பென்சிலில் எழுதியிருந்த மன்னிப்பும் இருந்தன. பெயர் சொல்ல வேண்டாம் என்று அவள் வந்து நின்றதும் இருந்தது. மொழிபெயர்த்த ஆங்கில ஆசிரியர் சில இடங்களில் பெரிய சொற்களாகப் போட்டு அலங்கரிக்கப் பார்த்தார். வேண்டாம் ஐயா, அவர் எழுதிய அளவுக்கே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டாவது ஆசிரியரிடமும் பேசினேன். அவர் கடைசிவரை நான்கு வரிக்கு மேல் எழுதவில்லை; அவருக்கு நேரம் இல்லை என்றார், நான் வற்புறுத்தவில்லை. ஆலோசகரோ எதிர்பாராத அளவுக்கு ஒத்துழைத்தார். பள்ளியைப் பற்றி ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும்: எத்தனை மாணவர், என்னென்ன பாடம், ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்வு எப்படிப்பட்டது, முடித்தவர்கள் எங்கே போகிறார்கள், சுற்றுவட்டாரம் எப்படி. இதற்கு முன் எங்கள் பள்ளியிலிருந்து யாரும் அங்கே விண்ணப்பித்ததாக அவருக்கு நினைவில்லை. தோட்டங்கள், பஸ் வசதி, எத்தனை பேர் பள்ளிக்குப் பிறகு வேலைக்குப் போகிறார்கள் என்பதையெல்லாம் அவரே சேர்த்தார். அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

முடிவு வந்த பிறகு

2025 மார்ச்சில் முடிவுகள் வந்தன. எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்ற பதில்தான். ஓரிடத்தில் மட்டும் காத்திருப்போர் பட்டியலில் வைத்து, பிறகு அதுவும் இல்லை என்றார்கள். எம்.ஐ.டி.யில் விண்ணப்பிக்கிற நூறு பேரில் நான்கைந்து பேருக்குத்தான் இடம். வெளிநாட்டவர்களில் அது ஏறக்குறைய இரண்டு பேர். இது முன்பே தெரியும் என்றாலும், தெரிந்திருப்பது அந்த இரவில் உதவவில்லை. அவள் அழுதாள். அக்கா அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு. அந்த மே, ஜூன் மாதங்களில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நாள் கொடுப்பதைச் சில வாரம் நிறுத்தி வைத்தபோது, "போகாததும் நல்லதாய்ப் போயிற்று" என்று உறவினர் பலர் சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், விசா தாமதமானாலும். ஆசைப்பட்டது தப்பில்லை, கிடைக்காதது வருத்தம்தான். இரண்டையும் உள்ளபடி சொல்லிக்கொள்வதே அவளுக்கு நாம் செய்யும் மரியாதை.

இப்போது பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். மேற்படிப்புக்கு மறுபடியும் முயலப் போவதாகச் சொல்கிறாள். அப்போதும் கடிதங்கள் கேட்பார்கள், இன்னும் அதிகமாகவே கேட்பார்கள்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஆசிரியை வீட்டுக்கு வந்திருந்தார். முறுக்கும் பலகாரமும் வைத்த பிறகு, கடிதத்தின் பிரதியை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். விண்ணப்பம் எல்லாம் முடிந்துவிட்டது, இனி அவர்கள் படிக்கலாம் என்றார். மாமாவுக்கு வெட்டும் வேலையில் கை காய்த்து, மெல்லிய தாளைப் பிடிப்பதே சிரமம். மலாயில் இருந்த மூலத்தை வாய்விட்டு, மெதுவாகப் படித்தார். சமன்பாடுகள் வந்த இடத்தில் நிறுத்தி, "இதை எனக்குச் சொல்லுங்கள்" என்று ஆசிரியையிடம் கேட்டார். ஆசிரியை அங்கேயே தரையில் உட்கார்ந்து, நாளிதழின் ஓரத்தில் எழுதி விளக்கினார். மூன்றையும் கூட்டினால் இடப்பக்கம் பூஜ்யம் என்றதும் மாமா, "வலப்பக்கம் மூன்று. அப்புறம் எப்படிச் சமமாகும்?" என்று தானே சொன்னார். பிறகு மகளைப் பார்த்து, "இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கிற நண்பர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். பிள்ளை கடிதம் கேட்டு வந்தால் உங்கள் மொழியிலேயே எழுதுங்கள், தமிழோ மலாயோ. மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார். நீங்கள் பார்த்ததைப் பார்த்தவர் வேறு யாரும் கிடைக்க மாட்டார். பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: அமெரிக்க விண்ணப்பங்களில் முதல் சுற்று நவம்பர் தொடக்கத்திலும் அடுத்தது ஜனவரி தொடக்கத்திலும் முடிந்துவிடும். அந்தச் சமயத்தில் ஆசிரியர்கள் தேர்வு வேலையில் மூழ்கியிருப்பார்கள். ஆண்டின் நடுவிலேயே போய்க் கேளுங்கள், நேரம் கொடுங்கள். அமெரிக்காதான் என்றில்லை. உள்ளூர் உபகாரச் சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கும் இப்படி ஒரு கடிதம் கையில் இருந்தால் நேர்காணலில் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

கணித ஆசிரியை இப்போது தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். வகுப்பில் ஒரு பிள்ளை எதையாவது செய்தால் அன்றே தேதி போட்டு இரண்டு வரி எழுதிவிடுகிறார், பிறகு மறந்துபோகும் என்று. மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லிப் பார்த்தாராம், இருவர் தொடங்கியிருக்கிறார்கள். ஆலோசகர் தயாரித்த பள்ளிக் குறிப்பு அலுவலகக் கணினியில் இருக்கிறது. இந்த ஆண்டு பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் விண்ணப்பிக்க வந்தபோது, மாணவர் எண்ணிக்கையையும் தேதியையும் மட்டும் மாற்றி அதையே எடுத்துக்கொண்டார்கள்.